அழும் பிள்ளையும் ஆராரோவும்: வாசகர் கேள்வி பதில்

பச்சிளம் குழந்தையின் அழுகையைப் பாட்டால் தணிக்க முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கேள்விகள் குழந்தையைப் பற்றியவை. பதில்களில் பாதி, குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவரைப் பற்றியவை.

"குழந்தைக்கு 5 வாரம். சாயங்காலம் ஆறு மணியானால் வீல் வீலென்று கத்த ஆரம்பித்து ஒன்பது, பத்து வரை ஓய்வதில்லை. செல்போனில் தாலாட்டுப் போட்டால் கூடுதலாக அழுகிறாள். பால் போதவில்லை என்கிறார் மாமியார். உரம் விழுந்திருக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. பாட்டு உண்மையிலேயே உதவுமா?" – சேலம் வாசகி

முதலில் வயதைப் பாருங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962-இல் தாய்மார்களைக் குறித்துவைக்கச் சொல்லி அழுகையை அளந்தார். 2-ஆவது வாரத்தில் நாளொன்றுக்குச் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம், 6-ஆவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரம், 12-ஆவது வாரத்தில் ஒரு மணிக்கும் கீழே. அழுகை அதிகமாகக் குவிவது மாலையில்தான். உங்கள் மகள் இப்போது ஏறுமுகத்தில் இருக்கிறாள். இன்னும் ஓரிரு வாரத்தில் உச்சம், பிறகு இறக்கம். குறைமாதக் குழந்தையாக இருந்தால் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், மருத்துவர் குறித்துத் தந்த பிரசவத் தேதியிலிருந்து வாரங்களை எண்ண வேண்டும்.

எடை கூடிக்கொண்டு வருகிறது, நாளுக்கு 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறாள் என்றால் பால் போதுகிறது. உரம் என்ற பெயரில் குழந்தையைச் சேலையில் போட்டு உருட்டுவதையும் தூக்கிப் போட்டுப் பிடிப்பதையும் யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். அந்த வயதில் கழுத்து நிற்காது, தலை கனம். உலுக்கலில் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படலாம்.

பாட்டு உதவும், ஆனால் எதற்கு உதவும் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு, அவர்கள் கேட்டறியாத துருக்கி மொழிப் பாட்டையும் பேச்சையும் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். பேச்சைக் கேட்ட குழந்தைகள் சுமார் 4 நிமிடத்தில் சிணுங்கத் தொடங்கின. பாட்டைக் கேட்டவை சுமார் 9 நிமிடம் அமைதியாக இருந்தன. அங்கே பாட்டு செய்தது அழுகையைத் தள்ளிப்போட்டது. முழு வேகத்தில் கத்தும் குழந்தை எதையும் கேட்கும் நிலையில் இல்லை. ஆகவே ஆறு மணி வரை காத்திருக்காமல் ஐந்தே காலுக்கே, சிணுங்கலுக்கும் முன்பே, தொடங்கிவிடுங்கள்.

செல்போன் ஏன் எடுபடவில்லை? அதன் சின்ன ஒலிபெருக்கியில் கீழ்ஸ்தாயி ஏறக்குறைய வராது. மணியோசையும் கூர்மையான மேல்சுரமும்தான் வரும். அழுகையே கூர்மையான ஒலி, அதன் மேல் இன்னொன்று. அதைவிட, குழந்தை மூச்சு வாங்கினால் போன் நிற்காது, தணிந்தால் போன் தணியாது. நீங்கள் நிற்பீர்கள், தணிவீர்கள்.

பாட்டுக்கு உரியதல்லாத அழுகையும் உண்டு. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, மூச்சுத் திணறல், உச்சிக்குழி புடைப்பு, தொடை இடுக்கில் வீக்கம், வழக்கத்துக்கு மாறான கீச்சுக்குரல். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை.

"எப்படித் தூக்கி, எப்படிப் பாடி, எப்போது கீழே விடுவது? முறையாகச் சொல்லுங்கள்." – மதுரை வாசகி

பாடுமுன் ஒரு நிமிடச் சோதனை. பசி, நனைந்த துணி, வெளிவராத ஏப்பம் இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்க மறப்பவை வேறு: இறுகிய அரைஞாண் கயிறு, அழுத்தும் காப்பு, சட்டைக்குள் எறும்பு, கால்விரலில் சுற்றிக்கொண்ட அம்மாவின் தலைமுடி. கடைசியாகச் சொன்னது அரிது, ஆனால் விரலுக்கு இரத்தம் போகாமல் செய்துவிடும். பிரசவத்துக்குப் பின் முடி கொட்டும் மாதங்களில் தினமும் ஒருமுறை விரல்களைப் பிரித்துப் பாருங்கள்.

டிவியை அணையுங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள். குழந்தையை நிமிர்த்தி மார்போடு அணைத்து, ஒரு கை பிட்டத்துக்கும் ஒரு கை பிடரிக்கும் கொடுத்து, அதன் காது உங்கள் நெஞ்செலும்பில் படும்படி பிடியுங்கள். மூக்கும் வாயும் துணியில் அழுந்தக் கூடாது.

இனி உங்கள் மூச்சு. வாயைத் திறக்குமுன் மூன்று முறை, மனதுக்குள் 4 எண்ணும் வரை இழுத்து, 6 அல்லது 8 எண்ணும் வரை விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணிகிறது, தோள் இறங்குகிறது. குழந்தை சாய்ந்திருப்பது அந்தத் தோளில்தான். இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான் பாதிப் பேருக்குப் பாட்டு பலிப்பதில்லை என்பது எங்கள் கருத்து. பல்லைக் கடித்துக்கொண்டு பாடும் ஆராரோ, ஆராரோ ஆகாது.

அடுத்தது சேர்ந்து போவது. குழந்தை உரக்கக் கத்தும்போது மெல்லிய தாலாட்டு அதன் காதில் விழாது. கத்தலின் வேகத்துக்கே "ஓ… ஓ…" என்றோ "ஷ்… ஷ்…" என்றோ குறுகிய ஒலிகளாக, அதற்குக் கேட்கும் அளவில், ஆனால் அதைவிடக் கீழ்ஸ்தாயியில் கொடுங்கள். கூடவே நடங்கள், நிமிடத்துக்கு 100 காலடி போல, சீராக. திடீரென நிற்பதும் குலுக்குவதும் வேண்டாம். கத்தலுக்கு இடையே மூச்சு வாங்கும் இடைவெளி நீளத் தொடங்கினால் அதுதான் உங்களுக்குச் சைகை. அங்கே ஒலியைப் பாட்டாக மாற்றுங்கள். வேகத்தைச் சுவர்க்கடிகாரத்தின் நொடிமுள்ளுக்குக் கொண்டுவாருங்கள்: நொடிக்கு ஒரு தட்டு, ஒரு மூச்சுக்கு ஒரு வரி, வரி முடிந்ததும் ஒரு மூச்சு மௌனம். இரண்டே வரி போதும், திரும்பத் திரும்ப. ஒவ்வொரு சுற்றிலும் சத்தத்தை ஒரு படி குறைத்து, கடைசியில் சொற்களை விட்டுவிட்டு வெறும் "ம்ம்ம்" என்ற முனகலில் நில்லுங்கள்.

தூங்கிவிட்டதும் உடனே கிடத்தாதீர்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்து 2022-இல் வெளியிட்ட முடிவு இது: 5 நிமிடம் தூக்கி நடந்தால் அழும் குழந்தைகள் பல அடங்கின, சில தூங்கியும் போயின. ஆனால் அம்மாவின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் கணத்தில் துடிப்பு எகிறியது. தூங்கிய பின் 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்தபடி வைத்திருந்துவிட்டுக் கிடத்தினால் விழிப்பது குறைந்தது. அந்த நிமிடங்களில் முனகலைத் தொடருங்கள். கிடத்திய பிறகும் ஒரு கையை நெஞ்சில் லேசாக வைத்து நான்கைந்து மூச்சு முனகிவிட்டுக் கையை எடுங்கள். படுக்கை சமமாகவும் உறுதியாகவும், தலையணை இல்லாமல், குழந்தை மல்லாந்தபடி. தூளியில் ஆட்டித் தூங்க வைத்தாலும் நீண்ட தூக்கத்துக்குச் சமதளத்துக்கு மாற்றிவிடுவது நல்லது, தாடை நெஞ்சில் மடிந்தால் மூச்சு தடைபடும். சோபாவில் உட்கார்ந்து பாடிக்கொண்டே நீங்கள் கண்ணயர்ந்துவிடுவது இதில் பெரிய ஆபத்து. கண் சொருகினால் குழந்தையை இன்னொருவரிடம் கொடுங்கள்.

கெடுப்பவை எவை? நிமிடத்துக்கு ஒரு பாட்டு மாற்றுவது. அழுகை கூடக் கூடக் குரலை ஏற்றுவது. பாட்டோடு கிலுகிலுப்பை, தட்டிக்கொடுத்தல், முகத்துக்கு நேரே சிரிப்பு என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுப்பது. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் "போதும்" என்கிறது, நீங்களும் பார்வையை விலக்கிக்கொள்ளுங்கள். 20 நிமிடம் ஆகியும் தணியவில்லையா, ஆள் மாறட்டும்.

"மனைவி பாடினால் அடங்குகிறான். என்னிடம் வந்தால் அலறுகிறான். எனக்குச் சுருதியும் சேராது, குரலும் கட்டை." – ஈரோடு வாசகர்

குரல் கட்டையாக இருப்பது நல்லது. அழுகை ஒலிக்கும் ஸ்தாயிக்கு வெகுகீழே உங்கள் குரல் இருப்பதால் அதோடு மோதாது, நெஞ்சுக்கூட்டின் அதிர்வும் குழந்தையின் கன்னத்துக்குக் கிடைக்கும்.

மனைவி முந்திக்கொண்டது வேறு காரணத்தால். 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்து சில நாளே ஆன குழந்தைகள், ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்த ரப்பர் காம்பைச் சப்பும் விதத்தை மாற்றி, வேறொரு பெண்ணின் குரலைவிடத் தம் அம்மாவின் குரலை அதிகம் கேட்டதாகக் காட்டினார்கள். கருப்பையிலேயே கேட்டுப் பழகிய குரல் அது. உங்கள் குரல் தாமதமாகப் பழக்கமாகிறது, அவ்வளவுதான். ஆகவே அழும்போது மட்டும் பாடாதீர்கள். குளித்து முடித்து, வயிறு நிறைந்து, விழித்துச் சும்மா கிடக்கும் வேளையில் தினமும் 5 நிமிடம், அதே இரண்டு வரி. இரண்டு வாரம் இதைச் செய்த பிறகு அழுகை நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். சுரம் மூன்று போதும்: க, ரி, ஸ என்று இறங்கி வருவது. பிடித்த சினிமாப் பாட்டென்றால் வேகத்தைப் பாதியாக்குங்கள்.

"நீலாம்பரி பாடினால் தூக்கம் வரும் என்கிறார்களே, அது மருந்துபோல வேலை செய்யுமா? ஆனந்தபைரவி, குறிஞ்சி?" – தஞ்சாவூர் வாசகி

மருந்து இல்லை. அந்த ராகங்களில் தாலாட்டைச் சவுக்க காலத்தில், அதாவது மெதுவான நடையில், வழுக்கிச் செல்லும் பிடிகளோடு, ஒரு ஸ்தாயிக்குள் அடக்கிப் பாடுவது மரபு. வேலை செய்வது அந்த நடை. ஹார்வர்டு பல்கலைக்கழக இசை ஆய்வுக்கூடம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நிய நாட்டுத் தாலாட்டுகளைக் கேட்டபோதும் குழந்தைகளின் இதயத்துடிப்பு தணிந்தது. கல்யாணி ராகத்தை நிதானமாகப் பாடினாலும் பலிக்கும். நீலாம்பரியிலேயே பிருகா என்ற வேகச் சுர அடுக்குகளும் மேல்ஸ்தாயியும் போட்டால் பலிக்காது. உங்களுக்கு நீலாம்பரி வருமென்றால் அதையே பாடுங்கள். நன்றாக வரும் பாட்டைப் பாடும்போது உங்களுக்குக் கிடைக்கும் நிம்மதிக்கும் இதில் பங்குண்டு.

"மிக்ஸி ஓடினால் அழுகையை நிறுத்துகிறான். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து தொட்டிலில் வைக்கலாமா?" – திருப்பூர் வாசகி

இரைச்சல் வேலை செய்யும் என்பது உண்மை. லண்டனில் 1990-இல் நடந்த சிறு ஆய்வில், சீரான இரைச்சல் கேட்ட 20 பச்சிளம் குழந்தைகளில் 16 பேர் 5 நிமிடத்தில் தூங்கினர், கேட்காத 20 பேரில் 5 பேர்தான். சிக்கல் சத்தத்தின் அளவில். குழந்தை தூங்கும் அறைக்கு 50 டெசிபெல் என்பது வழக்கமாகச் சொல்லும் வரம்பு. கனடாவில் 2014-இல் இப்படிப்பட்ட 14 கருவிகளை முழுச் சத்தத்தில் வைத்து அளந்தபோது, 30 செ.மீ. தூரத்தில் எல்லாமே 50-ஐத் தாண்டின, மூன்று 85-ஐயும் தாண்டின. 2 மீட்டர் தள்ளி வைத்தும் ஒன்றைத் தவிர மற்றவை வரம்புக்குள் வரவில்லை. தூரம் மட்டும் போதாது, சத்தத்தையும் குறைக்க வேண்டும்.

ஆகவே தொட்டிலுக்குள் வேண்டாம். குறைந்தது 2 மீட்டர் தள்ளி வையுங்கள். குழந்தையின் தலைமாட்டில் நின்று நீங்கள் மெதுவாகப் பேசினால் அந்தப் பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்குத்தான் இரைச்சல் இருக்க வேண்டும். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அது அதிகம். தூங்கியதும் அணைத்துவிடுங்கள். மிக்ஸியைவிட மழைச் சத்தமோ மின்விசிறியோ மேல், திடீரென ஏறி இறங்காது. குழந்தையின் காதில் ஹெட்செட் எந்த வயதிலும் வேண்டாம். பாட்டுப் பாடும் பொம்மை வாங்குமுன் உங்கள் காதருகே வைத்துப் பாருங்கள், உங்களுக்கே உறுத்தினால் வாங்காதீர்கள்.

"இரவு இரண்டு மணி. அழுகையைக் கேட்டால் கை நடுங்குகிறது. நேற்று ஒரு கணம் பிடித்து உலுக்கிவிடத் தோன்றியது. நான் கெட்ட அம்மாவா?" – ஊர் குறிப்பிட விரும்பாத வாசகி

இல்லை, அம்மா. தூக்கமில்லாத உடம்பில் அந்த எண்ணம் பலருக்கும் எட்டிப் பார்க்கிறது. நீங்கள் உலுக்கவில்லை, எழுதிக் கேட்டீர்கள். இனி அந்தக் கணம் வந்தால் செய்ய வேண்டியதை இப்போதே முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையைச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். சுற்றிலும் துணியோ தலையணையோ இருக்கக் கூடாது. அடுத்த அறைக்குப் போங்கள். பால் குடித்து நலமாக இருக்கும் குழந்தை 10 நிமிடம் தனியே அழுதால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. சில நொடி உலுக்கினால் பார்வையும் உயிரும் போகக்கூடும்.

அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் பாட்டு. தாலாட்டு வேண்டாம். உங்களுக்குப் பிடித்த, வாய்விட்டுப் பாட வரும் இரண்டு பாட்டை முன்னதாகவே போனில் எடுத்துவையுங்கள். ஹெட்செட் போட்டுக்கொண்டு கூடவே பாடுங்கள், கேட்டால் மட்டும் போதாது. பாடும்போது மூச்சை நீட்டி விட்டே ஆக வேண்டும், நடுக்கம் அடங்குவது அதில்தான். இரண்டு பாட்டுக்கு ஒன்பது, பத்து நிமிடம் ஆகும், கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவது முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் போய்ப் பாருங்கள். கை இன்னும் நடுங்கினால் வீட்டில் யாராக இருந்தாலும் எழுப்புங்கள். தூக்கி வைத்திருக்கும் நேரத்தில் தோளருகே அழுகை 100 டெசிபெலை எட்டக்கூடும். பஞ்சுபோன்ற காதடைப்பான் அந்தக் கூர்மையைக் குறைக்கும், குழந்தையின் குரலை மறைக்காது.

இன்னொன்று. நம் தாலாட்டுகளில் மாமன், அத்தை, பாட்டி என்று ஒவ்வொருவராக அழைத்து "யார் அடித்தார்கள்" என்று கேட்டுக்கொண்டே போவார்கள். நடுவில் புகுந்த வீட்டுக் குறையும், பிறந்த வீட்டு ஏக்கமும், வராத அண்ணன் மேல் கோபமும் வரும். மெட்டு குழந்தைக்கு, சொல் அம்மாவுக்கு. நீங்களும் அப்படியே பாடலாம். "இன்னிக்கு ரசம் பொங்கிருச்சு, ஆராரோ, எனக்குக் கண்ணு எரியுதடி, ஆரிரரோ." குழந்தைக்குப் பொருள் தெரியாது. உங்களுக்குச் சொல்லி முடித்த ஆறுதல் உண்டு.

பாட்டு தீர்க்காத ஒன்றும் இருக்கலாம். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கக்கூடும். அதைக் கண்டறிய 1987 முதல் புழக்கத்தில் உள்ள எடின்பரோ கேள்வித்தாளில் 10 கேள்விகள்தான். தடுப்பூசிக்குப் போகும் நாளில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் நிலைத்தால் தனியாக இருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், 108-ஐ அழைக்கலாம்.

சிகிச்சையோடு சேர்ந்து பாடுவதற்கும் இடம் இருக்கிறது. இங்கிலாந்தில் 134 தாய்மார்களைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், குழந்தைகளோடு 10 வாரம் கூடிப் பாடிய குழுவில் கூடுதல் மனச்சோர்வுள்ளவர்கள் முதல் 6 வாரத்தில் மற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். தெருவில் கைக்குழந்தைக்காரிகள் நான்கு பேர் இருந்தால் வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் ஒரு வீட்டு முன்னறை போதும்.

"மகள் துபாயில் பிள்ளை பெற்றிருக்கிறாள். என்னால் போக முடியவில்லை. எனக்குத் தெரிந்த தாலாட்டைப் பாடி அனுப்பலாமா?" – தேனி வாசகி, வயது 63

கட்டாயம் அனுப்புங்கள், பாட்டி. மின்விசிறியையும் டிவியையும் நிறுத்தி, துணி நிறைந்த பீரோ இருக்கும் அறையில் உட்காருங்கள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சு மோதும் சத்தம் பதிவாகாது. வாத்தியம் எதுவும் சேர்க்காதீர்கள். நொடிமுள் வேகத்தில், தாழ்ந்த சுருதியில் பாடுங்கள். இருமல் வந்தாலும் பரவாயில்லை.

இரண்டு பதிவு செய்யுங்கள். முதலாவது, முழுத் தாலாட்டு. குழந்தை தூங்கப்போகுமுன், போனை 2 மீட்டர் தள்ளிவைத்து, திரையைக் கவிழ்த்து மகள் போடட்டும். இரண்டாவது மகளுக்கு. ஒரு வரி பாடி, அதே நீளத்துக்கு மௌனம் விடுங்கள், பிறகு அடுத்த வரி. அந்த இடைவெளியில் அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திருப்பிப் பாடுவாள். மாமன், அத்தை பெயர் வரும் இடத்தில் பெயரைச் சொல்லாமல் மெட்டை மட்டும் முனகிவிடுங்கள், அங்கே யாரைக் கூப்பிடுவது என்பதை அவள் முடிவு செய்துகொள்ளட்டும்.